ஏபி பாசிட்டிவ் தெரு

ஆடி மாதத்து இரண்டாவது செவ்வாய், காலை பத்தரை.

ஆடியில் கல்யாணம் இல்லை. அதனால் பட்டுப் புடவைக்கு அவசரம் இல்லை. அவசரம் இல்லாத மாதத்தில் வெண்பட்டு நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் சிந்திக்கும். போன ஆடியில் சிந்தித்து, கட்டடத்தின் வாசலைத் தெற்கிலிருந்து கிழக்குக்கு மாற்றியது. இந்த ஆடியில் வாரிசுகளைப் பற்றிச் சிந்தித்திருந்தது.

கந்தசாமி மனைவியோடும் மகளோடும் கிழக்கு வாசல் வழியாக உள்ளே போனார்.

அவருக்கு முட்டி போய்விட்டது. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு ஒரு வாழ்நாள் உட்கார்ந்தால் போய்விடும். மகள் காவ்யா கல்லூரி முடித்துவிட்டு இரண்டு வருடமாக அந்தத் தறியில் நெய்கிறாள். ஆனால் சங்கம் உறுப்பினர் பெயரில்தான் பட்டு நூல் கொடுக்கும். ஆவணியில் நடக்கும் மகாசபைக்குள் உறுப்பினர் பெயர் காவ்யாவுக்கு மாற வேண்டும். மாறினால் தை முகூர்த்தப் புடவைகளுக்கான பாவு நூல் அவள் கைக்கு வரும். இல்லாவிட்டால் தறி சும்மா கிடக்கும்.

முன்பெல்லாம் பெயர் மாற்ற ரேஷன் கார்டு போதும். போன வருடம் யாரோ ஒருவர் மச்சினன் பையனைத் தன் பையன் என்று சொல்லிச் சேர்த்துவிட்டார். மேலாளர் ரஞ்சித்குமார் சென்னையில் ஒரு பயிற்சிக்குப் போய்த் திரும்பியிருந்த நேரம் அது. வாரிசு மெய்ப்பித்தல் திட்டம் பிறந்தது.

கூடத்துச் சுவரில் சங்கத்தைத் தொடங்கியவரின் படம் இருந்த இடத்தில் ஒரு ஃப்ளெக்ஸ் தொங்கியது. ரத்த உறவு அட்டவணை. மேலே தகப்பன் வகை, பக்கவாட்டில் தாய் வகை, கட்டங்களுக்குள் பிறக்கத்தக்க பிள்ளைகள். தொடங்கியவரின் படம் கழிப்பறைக்குப் போகும் வழியில் மாட்டப்பட்டிருந்தது.

அட்டவணைக்குப் பக்கத்தில் வர்த்தமானன் நின்றார். ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியர். திருமலைப் பக்கம் சொந்த ஊர். இப்போது சங்கத்தின் அறிவியல் ஆலோசகர். கையில் பழைய மர ஸ்கேல்.

"தகப்பனார் அடையாள அட்டை," என்றார்.

கந்தசாமி கொடுத்தார். அது ஆறு வருடத்துக்கு முன்பு சங்கமே முகாம் நடத்திக் கொடுத்த அட்டை.

"ஏபி பாசிட்டிவ்," என்று வர்த்தமானன் உரக்கப் படித்தார். "தாயார்?"

ஹேமலதாவின் அட்டை பிரசவத்தின்போது ஆஸ்பத்திரியில் கொடுத்தது. "ஓ பாசிட்டிவ்." காவ்யாவின் அட்டை கல்லூரியில் கொடுத்தது. "ஓ பாசிட்டிவ்."

ஸ்கேல் மேலிருந்து இறங்கியது. பக்கவாட்டிலிருந்து நகர்ந்தது. ஒரு கட்டத்தில் நின்றது. கட்டத்தில் ஏ என்றும் பி என்றும் இருந்தது. ஓ இல்லை.

வர்த்தமானன் மறுபடியும் மேலிருந்து இறங்கினார். மறுபடியும் அதே கட்டம்.

"ஏபி தகப்பனுக்கு ஓ பிள்ளை பிறக்காது," என்றார். "பத்தாம் வகுப்புப் பாடம்."

கூடத்தில் வரிசையில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள்.

ரஞ்சித்குமார் நாற்காலியிலிருந்து எழுந்தார். எழுந்து நின்றால்தான் அவருக்குப் பேச்சு வரும்.

"யாரும் தப்பா நினைக்கக் கூடாது. சங்கம் யாரையும் சந்தேகப்படல. சந்தேகப்படுறது அட்டவணை. அட்டவணைக்கு மனசு கிடையாது. மனசு இல்லாததால பாரபட்சமும் கிடையாது. இந்தம்மாவை நான் சகோதரி மாதிரி மதிக்கிறேன். மதிச்சுக்கிட்டேதான் கேக்கறோம்."

ஹேமலதா அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு அட்டவணையைப் பார்த்தாள். என்ன சொல்கிறார்கள் என்பது அவளுக்கு மெதுவாகப் புரிந்தது. புரிந்ததும் சேலைத் தலைப்பை எடுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

கந்தசாமிக்கு அட்டவணை புரியவில்லை. ஆனால் அட்டை புரிந்தது.

அந்த முகாம் அன்று அவர் தறியை விட்டு எழுந்திருக்கவில்லை. கல்யாணப் புடவை, உடலையும் கரையையும் கோத்து நெய்யும் கோர்வைக் கரை. கோர்வை நெய்யும்போது பாதியில் நிறுத்தினால் நிறுத்திய இடத்தில் கோடு விழும். கடைக்காரர் அந்தக் கோட்டை விரலால் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். ஹேமலதா அந்த வாரம் காவ்யாவையும் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்கு, முள்ளிப்பட்டுக்குப் போயிருந்தாள். எதிர்வீட்டுப் பாலு எட்டிப் பார்த்து, "நான் போய் குடுத்துட்டு வரேன் மாமா, நீ நெய்யி," என்றான். கந்தசாமி சரி என்றார். அதில் அவருக்கு ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. சங்கத்துக் கூட்டத்துக்குத் தெருவிலிருந்து ஒருவர் போய் எல்லோருக்கும் கையெழுத்துப் போடுவார். போனஸ் புடவையை ஒருவர் போய் எல்லோருக்கும் வாங்கி வருவார். சாவுக்கும் வீட்டுக்கு ஒருவர்தான். தறி நிற்கக் கூடாது. ரத்தத்துக்கும் அப்படியே ஒருவர் போனார். பாலு அன்று மூன்று விரல் கொடுத்தான். ஒன்று தனக்கு, ஒன்று கந்தசாமிக்கு, ஒன்று மூலைவீட்டுச் சந்திரமோகனுக்கு.

கந்தசாமி வாயைத் திறந்தார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன்," என்றார் ரஞ்சித்குமார். "புது விதி இருக்கு. ஆள் மாறாட்டம் செஞ்சது தெரிஞ்சா உறுப்பினர் பதவி அன்னிக்கே ரத்து. துணை போனவங்க பதவியும் ரத்து. அதுல தயவு தாட்சண்யம் கிடையாது. கந்தசாமி, ஏதோ சொல்ல வந்தீங்களே?"

"ஒண்ணும் இல்ல சார்."

"தண்ணி வேணுமா?"

"இருக்கட்டும் சார்."

அவர் வாயை மூடிக்கொண்டார்.

பாலு அன்று மத்தியானமே வந்தான். செருப்பைக் கழற்றாமல் வாசற்படியிலேயே நின்றான்.

"மாமா, சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லிடாத மாமா. ரெண்டு தறி ஓடிகினு கீது எனக்கு. நூலு நின்னா பேஜாரு. சந்திரமோகனும் மாட்டுவாரு. தெருவுல பாதிப் பேரு மாட்டுவான். அன்னிக்கி யாரு யாருக்கு வெரல் குடுத்தான்னே தெரியாது."

"உங்க அக்காவ இன்னா பேசறாங்க தெரியுமா?"

"பேசிகினு போவட்டும். டிஎன்ஏ டெஸ்ட் எடுக்கப் போறாங்களாமே? அதுல தானா வந்துடும், நீதான் அப்பன்னு. நாம ஏன் வாயக் குடுத்து மாட்டிக்கணும்?"

கந்தசாமிக்கு அது நியாயமாகப் பட்டது. உண்மை எப்படியும் வரப்போகிறது. வரப்போகிற உண்மையை முன்கூட்டிச் சொல்லித் தெருவையே மாட்டிவிடுவானேன். இப்படி நினைத்ததும் நெஞ்சு லேசானது. அப்படி லேசாகியிருக்கக் கூடாது என்று அவருக்கே தோன்றியது.

உள்ளே தறிச் சத்தம் நின்றது. காவ்யா நூல் அறுந்த இடத்தை முடிந்துகொண்டிருந்தாள். எதிர்ப்பக்கம் கரை பிடிக்க உட்கார்ந்திருந்த ஹேமலதா, "யாரு, பாலுவா? மோர் குடிச்சிட்டுப் போவச் சொல்லுங்க," என்றாள்.

பாலு மோர் குடிக்காமல் போனான்.

மறுநாள் சங்கத்துப் பலகையில் அறிவிப்பு ஒட்டப்பட்டது. பட்டா மாறுதலுக்குத் தாலுகா அலுவலகத்தில் ஒட்டும் வாசகத்தையே ரஞ்சித்குமார் எடுத்துக்கொண்டார். கந்தசாமியின் மகள் காவ்யா என்பதில் ஆட்சேபணை உள்ளவர்கள் தக்க ஆதாரங்களுடன் பதினைந்து நாட்களுக்குள் அலுவலக நேரத்தில் நேரில் ஆஜராகலாம்.

கூட்டம் கூடியது. படித்தவர்கள் படிக்காதவர்களுக்குப் படித்துக் காட்டினார்கள். டீக்கடையில் ஒருவர் போனில் படம் எடுத்து அனுப்பினார்.

கண்ணமங்கலத்திலிருந்து பஸ் ஏறி ஒருவர் வந்தார். கந்தசாமி என்ற பெயரில் வேறு ஒருவர் மீது அவருக்கு நில வழக்கு இருந்தது.

"எனக்கு ஆட்சேபண கீது சார். அந்த எடத்து வழியா எங்க தாத்தா காலத்துலேந்து மாட்டு வண்டி போயிகினு வந்துகினு கீது."

"இது நிலம் இல்லைங்க. ஒரு பொண்ணு," என்றார் எழுத்தர்.

"சர்வே நம்பர் போடாம நோட்டீஸ் ஒட்டுனா எனக்கு எப்படி சார் தெரியும்?"

எழுத்தர் உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்தார். காலக்கெடுவுக்குள் வந்த ஆட்சேபணையை நிராகரிக்க விதியில் இடமில்லை. பதிவு செய்துகொண்டு ரசீது கொடுத்தார்கள். அவர் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திருப்தியாக பஸ் ஏறினார்.

வர்த்தமானனுக்கு இதற்குள் வேறு ஒன்று கிடைத்துவிட்டது. உறுப்பினர் அட்டைகளைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, கந்தசாமி, பாலு, சந்திரமோகன் என்று ஒரே தெருவில் மூன்று ஏபி. ஊரில் எங்கும் அபூர்வமான வகை இங்கே மட்டும் இப்படிக் கிடைப்பது தற்செயல் ஆகாது என்று அவர் கண்டார். சங்கத்து ஆண்டு மலருக்குக் கட்டுரை எழுதினார். ஒரு காலத்தில் அரண்மனைக்குப் பட்டு நெய்ய வந்த ஒரே மூதாதையின் ரத்தம் இந்த மூன்று வீடுகளிலும் ஓடுகிறது என்பது அதன் முடிவு. மூதாதைக்கு மீசை இருந்திருக்கலாம் என்று அடிக்குறிப்பு போட்டிருந்தார்.

தெருமுனையில் ஒரு ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். ஏபி பாசிட்டிவ் தெரு தங்களை அன்புடன் வரவேற்கிறது. கீழே ரஞ்சித்குமார் கைகூப்பியிருந்தார்.

ஹேமலதா தண்ணீர் பிடிக்கவும் கடைக்குப் போகவும் அந்தப் பலகைக்கு அடியில்தான் நடந்தாள். அந்தத் தெருவில் அவள் ஓ. அவள் மகளும் ஓ. பலகையைப் பார்த்தவர்கள் அடுத்து அவளைப் பார்த்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பின்பக்கச் சந்து வழியாகப் போகத் தொடங்கினாள்.

டிஎன்ஏ பரிசோதனைக்கு முன் நேர்முக விசாரணை ஒன்று வேண்டும் என்று சங்கத்து நிர்வாகக் குழு முடிவு செய்தது. பெண் சம்பந்தப்பட்ட விஷயம் என்பதால் பெண் உறுப்பினர் ஒருவர் இருக்க வேண்டும். பரிமளாவைக் கூப்பிட்டிருந்தார்கள். பரிமளா மூன்றாவது தெரு. அவள் மூலையில் உட்கார்ந்து பிஸ்கட் சாப்பிட்டாள். அவளை யாரும் எதுவும் கேட்கவில்லை.

விசாரணை கூடத்திலேயே, வரிசையில் நின்றவர்கள் முன்னால் நடந்தது. முதலில் உருவ ஒற்றுமை. வர்த்தமானன் கந்தசாமியையும் காவ்யாவையும் பக்கத்தில் பக்கத்தில் நிற்க வைத்தார். மூக்கை ஸ்கேலால் அளந்தார். நடக்கச் சொன்னார். கந்தசாமி முட்டியால் நொண்டினார். காவ்யா நொண்டவில்லை. "வேறுபாடு," என்று எழுதப்பட்டது.

"சார், எனக்கு ஒண்ணு தோணுது," என்றாள் காவ்யா. "அறுந்த இழையைக் குடுங்க. நானும் அப்பாவும் முடிஞ்சு காட்டறோம். ரெண்டு பேரும் இடது கைலதான் முடிவோம். தெருவுல வேற யாரும் அப்படி முடிய மாட்டாங்க."

எழுத்தர் இழை கொண்டுவந்தார். இருவரும் முடிந்தார்கள். இரண்டு முடிச்சும் ஒன்றுபோல இருந்தன.

வர்த்தமானன் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "அழகு. ஆனா இது கற்றுக்கொண்டது. பிறவிக் குணம் இல்லை. சொல்லிக் கொடுத்தா பக்கத்து வீட்டுப் பிள்ளைகூட முடியும். ஏற்க இயலாது." பிறகு குனிந்து காவ்யாவின் காதைப் பார்த்தார். "மடல் ஒட்டியிருக்கிறது. தகப்பனாருக்குத் தொங்குகிறது. எழுதிக்கொள்ளுங்கள்."

அடுத்தது ஹேமலதா. ரஞ்சித்குமார் குரலைத் தாழ்த்தினார். ஆனால் மைக்கை யாரும் நிறுத்தியிருக்கவில்லை.

"அம்மா, சங்கடமான கேள்வி. சங்கடம் உங்களுக்கு மட்டும் இல்ல, எனக்கும்தான். உங்களைவிட எனக்கு அதிகம்னுகூட சொல்லலாம். நான் படிச்சவன். காவ்யா பொறக்கறதுக்கு முந்தின வருஷம் உங்க வீட்டுக்காரர் வெளியூர் எங்கேயாவது போயிருந்தாரா?"

"தறிய வுட்டுட்டு அவரு எங்க சார் போவாரு?"

வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"நீங்க?"

"முள்ளிப்பட்டு. அம்மா ஊட்டுக்கு."

"அங்க எத்தனை நாள்?"

ஹேமலதா கந்தசாமியைத் திரும்பிப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொன்னால் போதும் என்பது போலப் பார்த்தாள். என்ன வார்த்தை என்று அவளுக்குத் தெரியாது. அவருக்குத் தெரியும்.

கந்தசாமி சுவரைப் பார்த்தார். அட்டவணையில் கட்டங்களின் ஓரம் சிவப்பு. ஒரு கட்டத்தில் அச்சு லேசாக விலகியிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"முள்ளிப்பட்டுல உங்க அம்மா வீட்டுல யார் யார் இருந்தாங்க? ஆண்கள்?"

"எங்க அப்பா. எங்க அண்ணன்."

"வெளி ஆளுங்க? நூல் குடுக்க வர்றவங்க, அந்த மாதிரி?"

"சார்," என்றாள் காவ்யா.

"நீ பேசக் கூடாதும்மா. நீ சர்ச்சைக்குரிய பொருள்," என்றார் ரஞ்சித்குமார், கனிவாக.

"பதில் இல்லை என்று எழுதிக்கொள்ளுங்கள்," என்றார் வர்த்தமானன்.

பரிமளா பிஸ்கட்டைக் கீழே வைத்தாள்.

வீட்டுக்கு வந்ததும் காவ்யா தறியில் இறங்கவில்லை. தறிக்குப் பக்கத்தில் நின்றாள்.

"அப்பா, நீங்க ஒண்ணுமே பேச மாட்டேங்கிறீங்க."

"டெஸ்ட் வந்தா எல்லாம் சரியாயிடும்மா."

"டெஸ்ட் வர்ற வரைக்கும்?"

கந்தசாமி நூல் கண்டை எடுத்து, சுற்றியிருந்ததையே மறுபடியும் சுற்றினார்.

மறுநாள் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தார். கண்ணாடி ஜன்னல் கம்பியில் தொங்கியது. பின்னால் காவ்யா தலை பின்னிக்கொண்டிருந்தது அதில் தெரிந்தது. அவள் காது தெரிந்தது. மடல் கன்னத்தோடு ஒட்டியிருந்தது. அவர் தன் காதைப் பார்த்தார். விரலால் பிடித்து இழுத்துப் பார்த்தார். மறுபடியும் அவள் காதைப் பார்த்தார். அட்டையில் இருப்பது யார் ரத்தம் என்பது உலகத்தில் பாலுவைத் தவிர அவருக்கு மட்டும்தான் தெரியும். தெரிந்தும் பார்த்தார்.

கண்ணாடியின் ஓரத்தில் ஹேமலதா நின்றிருந்தாள். கையில் அவருக்கான காப்பி. அவள் பார்ப்பதை அவர் பார்த்தார். காதிலிருந்து கையை எடுத்தார்.

அவள் டம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு சோறு போட்டாள், துணி துவைத்தாள், மகளுக்கு எதிரே உட்கார்ந்து கரை பிடித்தாள். அவரோடு மட்டும் பேசவில்லை. அவர் பக்கம் திரும்ப வேண்டியிருந்தால் காவ்யாவிடம் சொன்னாள். "சோறு வெச்சிருக்கேன்னு சொல்லு."

மாதிரி எடுக்கும் விழா ஆடி கடைசி வாரம் நடந்தது. ஓய்வு பெற்ற இணைப் பதிவாளர் ஒருவர் தலைமை தாங்கினார். குத்துவிளக்கு ஏற்றினார்கள். வரவேற்புரை, வாழ்த்துரை, சிறப்புரை. பஞ்சுக்குச்சியால் கன்னத்தின் உட்புறத்தைத் தேய்த்து எடுக்கும் வேலை மொத்தம் ஒரு நிமிடம். அதற்கு முன் பேச்சு மத்தியானம் வரை போனது.

"ஒரு காலத்தில் வாய் வார்த்தையை நம்பினோம்," என்றார் தலைவர். "இன்று வாய் எச்சிலை நம்புகிறோம். இதுதான் வளர்ச்சி."

கந்தசாமிக்குப் பொன்னாடை போர்த்திய பிறகு வாயைத் திறக்கச் சொன்னார்கள். புகைப்படக்காரர் கையை உயர்த்தினார்.

"சார், ஃப்ளாஷ் வரல. இன்னொரு தடவ திறங்க."

திறந்தார்.

"கொஞ்சம் பெருசா."

திறந்தார். முதல் நாளுக்குப் பிறகு சங்கத்துக்குள் அவர் வாயைத் திறந்தது அப்போதுதான்.

ஹேமலதாவுக்கும் காவ்யாவுக்கும் எடுத்தார்கள். மூன்று உறைகளையும் அரக்கு வைத்து மூடினார்கள். உறைகளை சென்னைக்கு எடுத்துப்போகும் கார் கொடியசைத்து அனுப்பி வைக்கப்பட்டது. கார் முனை திரும்பி, ஏபி பாசிட்டிவ் தெரு பலகையைக் கடந்து போனது.

முடிவு மகாசபைக்கு இரண்டு நாள் முன்பே வந்துவிட்டது. ரஞ்சித்குமார் அதைப் பிரிக்கவில்லை. பொதுவில் பிரிப்பதுதான் ஜனநாயகம் என்றார்.

மகாசபை அன்று கூடம் நிறைந்திருந்தது. பாலு மூன்றாவது வரிசையில் இருந்தான். சந்திரமோகன் அவனுக்குப் பின்னால். கண்ணமங்கலத்துக்காரர் ரசீதோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். வாசலில் சர்க்கரை, ரத்த அழுத்தம், ரத்த வகை பார்க்கும் இலவச மேஜை ஒன்று போட்டிருந்தார்கள்.

ரஞ்சித்குமார் உறையைக் கத்தரியால் வெட்டினார். படித்தார். மறுபடியும் தனக்குள் படித்தார். பிறகு மைக்கில் சொன்னார்.

"கந்தசாமி காவ்யாவோட உயிரியல் தகப்பன் என்பதற்கான வாய்ப்பு, தொண்ணூத்தொம்போது புள்ளி ஒம்போது ஒம்போது சதவீதம்."

காவ்யா அம்மாவின் கையைப் பிடித்தாள். ஹேமலதா கையைக் கொடுத்தாள். முகத்தில் ஒன்றும் இல்லை.

"கை தட்டாதீங்க, பொறுங்க," என்றார் ரஞ்சித்குமார். "தொண்ணூத்தொம்போது புள்ளி ஒம்போது ஒம்போது. சரி. மீதி யாரோடது?"

கூட்டம் யோசித்தது.

"சின்ன அளவுதான். ஒத்துக்கறேன். ஆனா தணிக்கையில கேப்பாங்க. கணக்குல வராத ஒண்ணை நான் எப்படி விட முடியும்?"

நீண்ட விவாதத்துக்குப் பிறகு, மீதமுள்ள பங்கைச் சங்கத்தின் பெயரில் வைத்துக்கொள்ளலாம் என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆயிற்று. இப்போது கை தட்டலாம் என்றார் மேலாளர். தட்டினார்கள்.

ஹேமலதாவை மேடைக்கு அழைத்தார்கள். சங்கத்தின் நன்மதிப்பைக் காத்த அம்மையார் என்று அறிவித்தார்கள். ஒரு எவர்சில்வர் தூக்கும் ஒரு பொன்னாடையும் கொடுத்தார்கள். பட்டு நெசவாளர் சங்கத்தின் பொன்னாடை பாலியெஸ்டர். "தாய்மை வென்றது," என்றார் அன்றும் தலைமை தாங்கிய இணைப் பதிவாளர். ஹேமலதா அதை வாங்கிக்கொண்டு கும்பிடாமல் இறங்கினாள்.

முடிந்திருக்கும். ஆனால் வர்த்தமானன் எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

"நான் ஒன்று கேட்கிறேன். முப்பத்துமூன்று வருடம் பாடம் நடத்தியவன் கேட்கிறேன். ஏபி தகப்பனுக்கு ஓ பிள்ளை பிறக்காது. ஆய்வகம் பிறந்தது என்கிறது. ஒன்று அட்டவணை தவறு, அல்லது ஆய்வகம் தவறு. அட்டவணை தவறாக இருக்க முடியாது, அது அச்சடித்தது. இந்தச் சபை முன்னால் கந்தசாமி ரத்தத்தைச் சோதியுங்கள். ஏபி என்று வரட்டும். அப்புறம் பேசுவோம்."

வாசல் மேஜையிலிருந்து சந்தனா என்ற ஆய்வக உதவியாளரைக் கூப்பிட்டார்கள். அவள் பெட்டியோடு மேடை ஏறினாள். கந்தசாமி விரலை நீட்டினார். ஊசி குத்தியது. வர்த்தமானன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரத்தத்தைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவார், ரத்தத்தைப் பார்த்தால் மயக்கம் வரும்.

சந்தனா ரத்தத் துளி வைத்த கண்ணாடி வில்லையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"ஓ பாசிட்டிவ் சார்."

"திரும்பப் பாருங்க."

திரும்பக் குத்தினாள். "ஓ தான் சார்."

ரஞ்சித்குமார் அட்டையைப் பார்த்தார், விரலைப் பார்த்தார். கூட்டத்தில் பலர் குனிந்து தங்கள் விரல்களைப் பார்த்துக்கொண்டார்கள். இப்போது கேட்பார்கள். கேட்டால் சொல்லிவிடுவது என்று கந்தசாமி முடிவு செய்தார். எல்லாவற்றுக்கும் அவர் தயாராக இருந்தார்.

யாரும் கேட்கவில்லை.

"ஆறு வருடம் என்பது சின்ன காலம் இல்லை," என்றார் வர்த்தமானன் மெதுவாக. "உணவு மாறுகிறது. தண்ணீர் மாறுகிறது. மனிதன் மாறுகிறான்."

"அதேதான்," என்றார் ரஞ்சித்குமார். அவர் குரலில் நிம்மதி இருந்தது. "சங்கம் முகாம் நடத்தினப்போ ஏபி. இப்போ ஓ. ரெண்டும் சரி. அலுவலகப் பதிவுல தப்பு இல்ல." தீர்மானம் உடனே தட்டச்சு செய்யப்பட்டது. கந்தசாமியின் ரத்தம் இன்றைய தேதியிலிருந்து ஓ பாசிட்டிவ் ஆக மாற்றம் செய்யப்படுகிறது. காவ்யா உறுப்பினராக ஏற்கப்படுகிறார். ஆட்சேபணை உண்டா?

கண்ணமங்கலத்துக்காரர் கை தூக்கினார். அவரது மாட்டு வண்டிப் பாதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

ஆள் மாறாட்டம் என்ற வார்த்தையை யாரும் உச்சரிக்கவில்லை. கந்தசாமி விரலில் ஒட்டியிருந்த பஞ்சைப் பார்த்தார். முதல் நாளே சொல்லியிருந்தாலும் இப்படித்தான் ஏதாவது ஒரு தீர்மானம் போட்டிருப்பார்கள் என்று தோன்றியது. அதைவிட மோசமான ஒன்றும் தோன்றியது. பதவியே போயிருந்தாலும் முதல் நாள் சொல்லியிருக்க வேண்டும்.

வெளியே வந்தார்கள். காவ்யா நூல் வாங்கக் கையெழுத்துப் போட எழுத்தரிடம் போயிருந்தாள். ஹேமலதா கிழக்கு வாசல் படியில் நின்று செருப்பைத் தேடினாள். ஒரு கையில் தூக்கு, தோளில் பொன்னாடை.

"முடிஞ்சிடுச்சி," என்றார் கந்தசாமி.

அவள் ஒரு செருப்பைக் கண்டுபிடித்துக் காலில் மாட்டினாள். பல நாளைக்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசினாள்.

"ஆமாங்க. எனக்குக்கூட என் மேலயே சந்தேகம் வந்துடுச்சி. ஏதாவது தெரியாம நடந்துடுச்சோன்னு. பைத்தியம் மாதிரி யோசிச்சிகினு இருந்தேன். நீங்க மட்டும் பாவம், இன்னா பண்ணுவீங்க. அட்டையில அப்படி எழுதியிருந்தா யாருக்குன்னாலும் வரும்."

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு பாலு வந்தான். முகம் முழுக்கச் சிரிப்பு. வந்த வேகத்தில் கந்தசாமியின் தோளைப் பிடித்து உலுக்கினான்.

"மாமா! பேஜாரு வுட்டுச்சி! நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா? வாய மூடிகினு இரு, தானா சரியாயிடும்னு. யாராவது கேட்டானா, அது யாரு வெரலுன்னு? ஒருத்தன் கேக்கல!" அப்போதுதான் அவருக்குப் பின்னால் நின்றவளைப் பார்த்தான். "வாக்கா," என்றான். சிரிப்பு இன்னும் போகவில்லை. பிறகு போனது. "நான் வரேன் மாமா," என்று கூட்டத்துக்குள் நுழைந்துவிட்டான்.

ஹேமலதா இன்னொரு செருப்பைத் தேடவில்லை. ஒற்றைச் செருப்போடு நின்றாள். தோளிலிருந்த பொன்னாடையை எடுத்தாள். மடித்தாள். இன்னும் சிறிதாக மடித்தாள். தூக்குக்குள் வைத்து மூடினாள். படிக்கட்டில் இறங்குகிறவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அவள் அவர் விரலைப் பார்த்தாள். பஞ்சு இன்னும் ஒட்டியிருந்தது.

"மொத நாளே தெரியுமா உனக்கு?"